ஜாலான் அம்பாஸ், 8-ஆம் எண்

கேட்டிருப்பது இதுதான்: ஒரு நாட்டு சினிமா இன்னொரு நாட்டு சினிமாவை எப்படிப் பாதிக்கிறது? ஓடிடி வந்த பிறகுதானே இந்தக் கலப்பெல்லாம்? இப்படியே போனால் எல்லா ஊர்ப் படமும் ஒரே மாதிரி ஆகிவிடாதா?

இதற்கு வழக்கமாக ஒரு பட்டியல் பதிலாக வரும். இந்த ஜப்பான் படத்தைப் பார்த்து அந்த இத்தாலியப் படம், அதைப் பார்த்து இந்த இந்திப் படம் என்று போகும். பட்டியலில் தப்பில்லை. ஆனால் அதைப் படித்தால், டைரக்டர்கள் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்து வெளிநாட்டுப் படம் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வாழ்ந்தார்கள் என்று தோன்றிவிடும். நடந்தது பெரும்பாலும் அப்படியில்லை. தியேட்டர் யார் கையில் இருந்தது, அதை நிரப்ப அவர் யாரை எந்த ஊரிலிருந்து சம்பளம் பேசி அழைத்து வந்தார் என்று பாருங்கள். முக்கால்வாசிக் கதை அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் பலஸ்டியர் ரோட்டை ஒட்டி ஜாலான் அம்பாஸ் என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. அதில் 8-ஆம் எண், ஒரு சினிமா ஸ்டூடியோ. சீன முதலாளிகளின் பணத்தில், இந்திய டைரக்டர்களை வைத்து, மலாய் நடிகர்கள் நடித்து, மலாய்ப் படங்கள் அங்கே உருவாகின. 1947 தொடங்கி 1967 வரை ஏறக்குறைய 160 படங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் இன்றைக்கும் 'பொற்காலம்' என்று சொல்வது அந்த இருபது வருடங்களைத்தான்.

ஆனால் கதை அதற்கும் முன்னே, நாடகக் கொட்டகையில் தொடங்குகிறது. பம்பாயின் பார்சி நாடகக் கம்பெனிகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலேறி பினாங்குக்குப் போயின. வரைந்த திரைச்சீலைகள், தந்திரக் காட்சிகள், நடுநடுவே பாட்டு, கொஞ்சம் நகைச்சுவை, கடைசியில் எல்லாம் சுபம். உள்ளூர்க்காரர்கள் பார்த்தார்கள், பிடித்துப்போனது, அதே பாணியில் மலாய் மொழியில் போடத் தொடங்கினார்கள். 'பங்சாவான்' என்ற மலாய் இசை நாடகம் பிறந்தது அப்படித்தான். அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை, ஷேக்ஸ்பியர் எல்லாவற்றையும் அது தனக்கென்று சமைத்துக்கொண்டது.

இதே பார்சிக் கம்பெனிகள் நம் ஊருக்கும் வந்து போயின. தெருக்கூத்து ஒருபக்கம் இருக்க, தமிழ் மேடைக்குள் திரைச்சீலையும் ஹார்மோனியமும் சீன் சீனாக மாறும் நாடகமும் நுழைந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. இந்திப் பட உலகத்துக்கும் தாய்வீடு அந்த மேடைதான். ஆகவே, பேசும்படம் வந்தபோது பம்பாய் ரசிகருக்கும் சென்னை ரசிகருக்கும் பினாங்கு ரசிகருக்கும் கதை என்றால் பாட்டோடு வரும் என்ற பழக்கம் ஏற்கெனவே ஊறியிருந்தது. 1930-களின் முற்பகுதியில் வந்த முதல் மலாய்ப் படம் 'லைலா மஜ்னுன்'. இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற இந்தியர், நடித்தவர்கள் பங்சாவான் கலைஞர்கள். இதைத் தாக்கம் என்பதைவிட, ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள் என்றே சொல்வேன்.

இப்போது முதலாளிகளிடம் வருவோம். ஷா சகோதரர்கள் சீனாவின் நிங்போவைப் பூர்வீகமாகக் கொண்ட வியாபாரக் குடும்பம். 1925-ல் ஷாங்காயில் தியான்யி என்ற படக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அங்கே போட்டியாளர்கள் ஒன்றுசேர்ந்து நெருக்கவும், படங்களை விற்கத் தெற்கே சந்தை தேடினார்கள். ரன்மி ஷா சிங்கப்பூருக்கு வந்தார், தம்பி ரன்ரன் ஷா பின்னாலேயே வந்து சேர்ந்தார். முதலில் வாடகைக் கொட்டகை, பிறகு சொந்தத் தியேட்டர், பிறகு ஊர் ஊராகத் தியேட்டர், கூடவே 'நியூ வேர்ல்ட்', 'கிரேட் வேர்ல்ட்' போன்ற பொழுதுபோக்குப் பூங்காக்கள். உலகப் போருக்கு முன்பே மலாயாவிலும் அக்கம்பக்க நாடுகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தியேட்டர்கள் அவர்கள் கையில் இருந்தன.

நூறு தியேட்டர் வைத்திருப்பவனுக்கு ஒரே கவலைதான்: அடுத்த வாரம் என்ன போடுவது? சீனப் படம் சீனருக்கு, ஆங்கிலப் படம் வெள்ளைக்காரருக்கும் படித்தவருக்கும், தமிழ் இந்திப் படங்கள் இந்தியருக்கு. மலாய்க்காரர்களுக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. அவர்களோ இந்தியப் படங்களுக்கே கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாஷை புரியாவிட்டாலும் பாட்டு புரிந்தது, அம்மாவின் கண்ணீர் புரிந்தது. போருக்கு முன் சீன டைரக்டர்களை வைத்து மலாய்ப் படங்கள் எடுத்துப் பார்த்தார்கள். போர் முடிந்ததும் வேறு கணக்குப் போட்டார்கள்: மலாய் ரசிகருக்குப் பிடித்தது இந்தியப் படம் என்றால், அதை எடுக்கத் தெரிந்த ஆளையே கூட்டி வந்துவிட்டால் என்ன?

அப்படித்தான் ராஜ்ஹான்ஸ் மறுபடி வந்தார். எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் பாடகர்-நடிகர் சைகலை வைத்து 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுத்த ஃபணி மஜும்தார் என்று வரிசையாக வந்தார்கள். ஒரே ஆள் கதையைச் சொல்லி, பாட்டுக்கு இடம் குறித்து, குறைந்த செலவில் சீக்கிரமாக முடித்துத் தருவார். நடிகர்களுக்கு மாதச் சம்பளம், ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே வீடு. நம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி காலத்து நடைமுறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது.

சிக்கல் மொழியில் இருந்தது. வந்தவர்களில் பலருக்கு மலாய் தெரியாது. அவர்கள் மனதில் கதை ஒரு பாஷையில் இருக்கும், சொல்வது ஆங்கிலத்தில், நடிப்பது மலாயில். நடுவில் நின்று மொழிபெயர்த்தவர்கள் உதவி டைரக்டர்களாக இருந்த மலாய் இளைஞர்கள். இந்த 'நடுவில் நின்றவர்களை' மறந்துவிடாதீர்கள், பின்னால் அவர்கள்தான் முக்கியமாகப் போகிறார்கள்.

எல். கிருஷ்ணன் மட்டும் விதிவிலக்கு. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர், மலாய் சரளமாக வரும். பி. ராம்லி என்ற பினாங்கு இளைஞர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) இவர் இயக்கியதுதான். தலைப்பைக் கவனியுங்கள். மலாய் மொழியில் 'பக்தி' என்றால் கடமை உணர்வோடு செய்யும் சேவை. பல நூறு வருடங்களுக்கு முன்பே சமஸ்கிருதத்திலிருந்து போய் அங்கேயே குடியேறி, வேறு பொருளில் வாழ்ந்துகொண்டிருக்கும் சொல்.

ராம்லி வந்த விதமும் நம் சினிமாக்காரர்களுக்கு ரசமாக இருக்கும். 1948-ல் ராஜ்ஹான்ஸின் 'சிந்தா' படத்தில் அவருக்கு வில்லன் வேடம். ஆனால் கதாநாயகன் ரூமாய் நூர் வாயசைத்த பாட்டுகளைப் பாடியதும் அவரேதான். முகம் வில்லனுக்கு, குரல் ஹீரோவுக்கு! 'பக்தி'யில்தான் முகமும் குரலும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன. பின்னணிப் பாட்டு என்ற இந்திய ஏற்பாடு மலாய்ப் படத்துக்குள் தன் முதல் பெரிய நட்சத்திரத்தைக் கண்டெடுத்தது இப்படித்தான்.

இவ்வளவு தூரம் சொன்னதை வைத்து இந்தியா மலாய்க்காரர்களுக்கு சினிமா கற்றுக்கொடுத்தது என்று யாராவது மார்தட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நாள் மலாய் எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் இந்தப் படங்களைத் திட்டியது கொஞ்சநஞ்சமல்ல. மலாய்ப் பெண் இப்படியா கை அசைப்பாள், மலாய் வீட்டில் இப்படியா அழுவார்கள், இது மலாய் உடுத்திய இந்திப் படம் என்றார்கள். நியாயமான கோபம். சொந்த வீட்டுக் கதையை விருந்தாளி வந்து சொன்னால், எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் ஓரிடத்தில் உறுத்தத்தான் செய்யும்.

1955-ல் ராம்லியே 'பெனாரெக் பெச்சா' என்ற படத்தை இயக்கினார். தலைப்புக்கு 'ரிக்‌ஷாக்காரன்' என்று பொருள். ஏழை ரிக்‌ஷாக்காரன், பணக்காரப் பெண், இடையில் வர்க்கச் சண்டை. எலும்புக்கூடு நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் சந்து, வீடு, பேச்சு எல்லாம் மலாய். அதன் பிறகு நிலைமை மாறியது. நடுவில் நின்று மொழிபெயர்த்த தலைமுறையிலிருந்து ஜமில் சுலோங், ஓமார் ரோஜிக் போன்றவர்கள் டைரக்டர் நாற்காலிக்கு வந்தார்கள். 1957-ல் நடிகர்களும் தொழிலாளர்களும் கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்தார்கள். அப்போது சங்கத் தலைவர் ராம்லி.

இரவல் வாங்கிய பாணி எந்த இடத்தில் சொந்தமானது என்று என்னைக் கேட்டால், ராம்லியின் நகைச்சுவைப் படங்களைக் காட்டுவேன். 'புஜாங் லாபோக்' வரிசையில் மூன்று பேரிளம் பிரம்மச்சாரிகள், ஒரு வாடகை அறை, சல்லிக்காசு இல்லாத மாதக் கடைசி. சிரிப்பு முழுக்க மலாய்ப் பேச்சின் நெளிவில் இருக்கிறது. அதை வெளியூர் டைரக்டர் யாராலும் எடுத்திருக்க முடியாது. சோகப்படம் அப்படியில்லை, அதற்கு இந்திய அச்சு வசதியாகவே இருந்தது. 'இபு மெர்துவாகு' (என் மாமியார்) என்ற 1962 படத்தில், ஏமாற்றப்பட்ட சாக்ஸபோன் கலைஞன் தன் கண்களை முள்கரண்டியால் குத்திக்கொள்கிறான். பழைய தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உச்சஸ்தாயி அந்நியமாக இருக்காது. அழுகை எல்லை தாண்டுகிறது, சிரிப்பு தாண்டுவதில்லை.

இன்னொன்று, பேய். ஷாவுக்குப் போட்டியாக லோக் வான் தோ என்பவரின் கேத்தே கெரிஸ் ஸ்டூடியோ 1953-ல் வந்தது. அவர்கள் 1957-ல் எடுத்த 'பொந்தியானாக்', பிரசவத்தில் செத்த பெண் பேயாக வரும் மலாய் நம்பிக்கையை வைத்த படம். இயக்கியவர் பி.என். ராவ், தலச்சேரிக்காரர், 1939-ல் தமிழில் 'ரம்பையின் காதல்' எடுத்தவர். படம் சக்கைப்போடு போட்டது. பார்த்துக்கொண்டிருப்பாரா ஷா? மறு வருடமே 'அனாக் பொந்தியானாக்' எடுத்தார், ஒரு பிலிப்பினோ டைரக்டரை அழைத்து வந்து. ஆக, சீனப் பணம், மலாய்ப் பேய், மலையாளி டைரக்டர், பதிலடிக்கு மணிலாவிலிருந்து ஒருவர். உலகமயம் என்ற சொல்லை நாம் கேள்விப்படுவதற்கு ரொம்ப முன்னால் நடந்தது இதெல்லாம். சோகம் என்னவென்றால் முதல் 'பொந்தியானாக்' படத்தின் பிரதி இன்று இல்லை.

இந்தக் கடை மூடிய கதையும் கேள்விக்குப் பதில்தான். 1963-ல் இந்தோனேசியா மலேசியாவோடு மோதலில் இறங்கவும், பெரிய சந்தை ஒன்று அடைபட்டது. அதே வருடம் தொலைக்காட்சி வந்தது. இந்திப் படங்கள் கலருக்கு மாறி, காஷ்மீரையும் ஐரோப்பாவையும் காட்டின. மலாய்ப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றன. எந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்காக ஜாலான் அம்பாஸ் உண்டானதோ, அதே நாட்டுப் படங்கள் கடைசியில் அதன் ரசிகர்களைத் திருப்பி எடுத்துக்கொண்டன. 1967-ல் ஸ்டூடியோ மூடப்பட்டது. 1964-லேயே கோலாலம்பூருக்குப் போய்விட்ட ராம்லி, வசதி குறைந்த ஸ்டூடியோவில் படங்கள் எடுத்து, மவுசு இழந்து, 1973-ல் 44 வயதில் காலமானார். இன்று அவர் பெயரில் தெருக்களும் நினைவகமும் இருக்கின்றன.

ஆனால் ஷா மூடியது ஒரு கிளையைத்தான். 1950-களின் கடைசியிலேயே ரன்ரன் ஷா ஹாங்காங்குக்குக் குடிபெயர்ந்து, கிளியர்வாட்டர் பேயில் பிரம்மாண்டமான ஸ்டூடியோ கட்டத் தொடங்கியிருந்தார். சரக்கு மாறியது, சூத்திரம் அதேதான். சீனப் படங்களின் ஒளிப்பதிவு மங்கலாக இருக்கிறதா? ஜப்பானிலிருந்து நிஷிமோட்டோ தடாஷியைக் கூட்டி வா. இசைப்படம் வேண்டுமா? இனோவே உமெட்சுகுவைக் கூப்பிடு, அவர் ஜப்பானில் எடுத்ததையே இங்கே சீன மொழியில் மறுபடி எடுக்கட்டும். ஜப்பானின் குருட்டு வாள்வீரன் ஸாடோய்ச்சி படங்களுக்கு ஹாங்காங்கில் கூட்டம் வருகிறதா? 1967-ல் ஷாவிடமிருந்து ஒற்றைக் கை வாள்வீரன் வருவான். 1971-ல் இந்த இரண்டு வீரர்களையும் ஒரே படத்தில் மோதவே விட்டார்கள். இதில் ஷாவுக்குப் பங்கில்லை, ஆனால் நடுவில் யார் யாருக்குக் கடன்பட்டார்கள் என்பது அதைவிட வெளிப்படையாகத் தெரிய வேண்டியதில்லை.

1972-ல் ஷா எடுத்த 'கிங் பாக்ஸர்', மறு வருடம் 'ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்' என்ற பெயரில் அமெரிக்காவில் வெளியாகிக் குங்ஃபூ மோகத்தைக் கிளப்பிய படங்களில் ஒன்றானது. உலகமே சீனச் சண்டை என்று கைதட்டிய அந்தப் படத்தை இயக்கியவர் ஜியோங் சாங்-ஹ்வா, தென்கொரியர்! அதே 1973-ல் புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' வந்தது. (தமிழ்நாட்டில் புரூஸ் லீ போஸ்டர் ஒட்டாத கராத்தே வகுப்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கராத்தே ஜப்பானுடையது, அவர் ஆடியது சீனக் கலை. நாம் கவலைப்பட்டதேயில்லை.) ஹாங்காங்கில் கயிறு கட்டிப் பறக்கும் சண்டையை வளர்த்தவர்களில் ஒருவர் யுவென் வூ-பிங். 1999-ல் 'தி மேட்ரிக்ஸ்' அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தது. 2010-ல் 'எந்திரன்' அவரைச் சென்னைப் படத்துக்கு அழைத்தது. அப்போதும் போனது ஒரு ஆளும் ஒரு ஒப்பந்தமும்தான்.

ஓடிடியால் என்ன மாறியது என்றால், நூறு தியேட்டர் வைத்திருந்த முதலாளி இருந்த இடத்தில் இப்போது கோடிக்கணக்கான வீட்டுத் திரைகள் வைத்திருக்கும் முதலாளி இருக்கிறார். அவருக்கும் அதே கவலைதான், அடுத்த வாரம் என்ன போடுவது. நெட்ஃபிளிக்ஸ் 2023-ல் கொரியாவில் நான்கு வருடங்களில் 250 கோடி டாலர் போடப்போவதாக அறிவித்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். ஷா வெளியூர் டைரக்டரை வைத்து உள்ளூர் ரசிகருக்குப் படம் எடுத்தார். இவர்கள் உள்ளூர் டைரக்டரை வைத்து உள்ளூர்க் கதையை எடுத்து உலகத்துக்கே விற்கிறார்கள். கொரியர்கள் அதற்குத் தயாராக இருந்ததற்குக் காரணம், தியேட்டர்கள் வருடத்தில் இத்தனை நாள் உள்நாட்டுப் படம் போட்டே ஆகவேண்டும் என்ற சட்டத்தைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 2006-ல் அமெரிக்க வர்த்தகப் பேச்சுக்காக அதை 146 நாளிலிருந்து 73 ஆகக் குறைத்தபோது நடிகர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஜாலான் அம்பாஸுக்கு அப்படி ஒரு வேலி கடைசிவரை கிடைக்கவில்லை.

எல்லாப் படமும் ஒரே மாதிரி ஆகிவிடுமா என்று கேட்டீர்கள். ஒளி, கத்தரிப்பு, சண்டை, முதல் பத்து நிமிடத்தில் ஒரு கொலை, இவை ஒரே மாதிரி ஆகிக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு அதில் அவ்வளவு கவலையில்லை, கருவிகள் எப்போதும் ஊர் சுற்றும். கவலைப்பட வேண்டியது, இரவல் வாங்கியவர்கள் அடுத்த பத்து வருடத்தில் நாற்காலியில் உட்காருகிறார்களா, அல்லது மொழிபெயர்த்துக்கொண்டே நடுவில் நின்றுவிடுகிறார்களா என்பதற்குத்தான். அந்த நாற்காலி யாருடையது என்ற வழக்கு மலேசியாவில் இன்னும் தீரவில்லை. சஞ்சய் குமார் பெருமாள் தமிழில் எடுத்த 'ஜகாட்' 2016-ல் மலேசியத் திரைப்பட விழாவுக்குப் போனபோது, மலாய் மொழியில் இல்லாத படத்தை எந்தப் பிரிவில் வைப்பது என்று பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்கே கிடைத்தது.

இந்தக் கதையில் ஆர்வம் வந்திருந்தால் 1961-ல் ராம்லி எடுத்த 'செனிமான் புஜாங் லாபோக்' படத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று நண்பர்களும் சினிமாவில் நடிக்க வேண்டுமென்று ஜாலான் அம்பாஸுக்கே போகிறார்கள். காட்டுவது நிஜமான ஸ்டூடியோ, நிஜமான வாசல். அங்கே ஒரு சீக்கியக் காவலாளி இவர்களை மேலும் கீழும் பார்த்து, இந்த மூஞ்சிகளுக்கு நடிப்பா என்கிற மாதிரி நிற்பார். மலாய் தெரியாவிட்டாலும் அந்தக் காட்சிக்குச் சிரிப்பு வரும்.